எதிர் நாற்காலி

நமது அடுத்த வீட்டு வாசற்படியில் மாலை வேளைகளில் ஒரு பள்ளிக்கூடம் நடைபெறுகிறது. அதன் ஆசிரியைக்கு வயது எட்டு. மாணாக்கர் ஐவர், அவர்களில் இருவர் பொம்மைகள். சென்ற வெள்ளிக்கிழமை விடைத்தாள் கட்டும் கையுமாக நாம் வீடு திரும்பியபோது அங்கே கணக்குப் பாடம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஆசிரியை இல்லாத மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டாள். குச்சியினால் படியை மூன்று முறை தட்டினாள். பிறகு, பேசிக்கொண்டிருந்த தன் தம்பியைப் பார்த்துக் கைகளைக் கட்டிக்கொண்டு, "முடித்துவிட்டாயா? பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன்" என்றாள். குரலைக் கொஞ்சமும் உயர்த்தவில்லை. தம்பிக்கு அழுகை வந்துவிட்டது.

நேயர்களே, நாமும் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நமது வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்லுவது நம் வழக்கம். அந்தக் குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறாள். நாம் இத்தனை காலமும் பொறுமை என்று எண்ணிப் பெருமைப்பட்ட ஒன்று, எதிரே உட்கார்ந்திருப்பவனை எப்படிக் குத்துகிறது என்பதை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் நமக்குச் சொல்லித் தரவில்லை. அந்தப் படிக்கட்டுப் பள்ளிக்கூடம் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டது.

பிறர் வேஷத்தைப் போட்டுப் பார்த்து உண்மையை அறிவது குழந்தைகளின் பிறவி வித்தை. இந்த வித்தையையே வளர்ந்தவர்களின் மனஸ்தாபங்களுக்கு மருந்தாக்கலாம் என்று கண்டவர் ஒரு வைத்தியர். அவர் பெயர் யாக்கோப் மொரேனோ. 1889-ஆம் ஆண்டில் ருமேனியாவின் தலைநகரான புக்காரெஸ்டில் பிறந்தவர். வளர்ந்ததும் வைத்தியம் படித்ததும் வியன்னா நகரத்தில். மாணவராக இருந்த காலத்திலேயே அந்நகரின் ஆவ்கார்ட்டன் என்னும் பூங்காவில் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்லுவார். கதை பாதியில் நிற்கும். மீதியைக் குழந்தைகளே நடித்து முடிக்க வேண்டும். எழுதி வைத்த வசனம் கிடையாது, ஒத்திகையும் கிடையாது.

அவருடைய பால்யத்தைப் பற்றி அவரே சொன்ன கதை ஒன்று உண்டு. நாலைந்து வயதில் நண்பர்களோடு கடவுள் விளையாட்டு விளையாடினாராம். மேஜைமேல் நாற்காலிகளைக் கூரை வரையில் அடுக்கி, உச்சியில் கடவுளாக அவர் அமர்ந்தார். மற்றப் பிள்ளைகள் தேவதூதர்கள். "நீ ஏன் பறக்கவில்லை?" என்று தூதர்களில் ஒருவன் கேட்டான். கடவுள் பறந்தார். வலக்கை எலும்பு முறிந்தது. வேஷத்தின் பலமும், வேஷத்தைக் கழற்ற மறந்தால் வரும் விபத்தும் இந்த ஒரு கதையில் அடங்கியிருக்கின்றன என்பது நம் அபிப்பிராயம்.

முதல் உலக யுத்தம் முடிந்து, 1918-ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் முடியாட்சி மறைந்தது. வியன்னாவில் பசியும் குழப்பமும் நிலவின. 1921-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, முட்டாள்கள் தினத்தன்று, அங்கே ஒரு நாடகக் கொட்டகையில் திரை தூக்கப்பட்டது. மேடையில் சிவப்புப் பட்டு மெத்தையிட்ட ஒரு சிங்காதனம். அதன்மேல் பொன் முலாம் பூசிய கிரீடம். பக்கத்தில் விதூஷகன் உடையில் மொரேனோ. வேறு நடிகர் யாருமில்லை. "நாட்டுக்கு அரசனில்லை. உங்களில் யார் இதில் உட்கார்ந்து ஆளத் தகுந்தவர்? வந்து உட்கார்ந்து காட்டுங்கள், மற்றவர்கள் தீர்ப்புச் சொல்லுவார்கள்" என்பதாக அவர் சபையோரை அழைத்தார். சிலர் ஏறினார்கள், ஒருவரும் தேறவில்லை. மறுநாள் அவருக்குக் கிடைத்தது ஏளனந்தான். ஆயினும் தம் வைத்திய முறை பிறந்த நாள் அதுவே என்று கடைசி வரையில் சொல்லிக்கொண்டிருந்தார். காலியாகக் கிடந்த ஆசனம் ஒன்றில் மனிதர்கள் எதையெல்லாம் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள் என்பதை அன்று அவர் கண்டுகொண்டார் போலும்.

அடுத்து அவர் தொடங்கியது எழுதாத நாடகங்களுக்கென்றே ஒரு சிறு நாடக சபை. பிற்காலத்தில் திரைப்பட நடிகராகப் புகழடைந்த பீட்டர் லோரி அங்கே நடித்தவர்தாம். அந்தச் சபையில் பார்பரா என்று மொரேனோ குறிப்பிடும் ஓர் இளம் நடிகை இருந்தாள். கற்பரசிகள், காதலிகள், சாதுவான பெண்கள் ஆகிய வேஷங்களில் அவளுக்கு நிகரில்லை. அவளைப் பார்ப்பதற்காகவே தினந்தோறும் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்த ஒரு கவிஞர், ஜார்ஜ் என்பவர், அவளை மணந்துகொண்டார். சில மாதங்களுக்குப் பிறகு அவர் மொரேனோவிடம் வந்து, முகம் வாடி, மேடையில் தேவதையாக இருக்கும் தம் மனைவி வீட்டில் பத்ரகாளியாக இருப்பதாகவும், வாயில் வரக்கூடாத வார்த்தைகள் வருவதாகவும், கைகலப்பு வரையில் போய்விட்டதாகவும் முறையிட்டார்.

நம் ஊர்ப் பெரியவர்களாக இருந்தால் இருவரையும் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் புத்திமதி சொல்லியிருப்பார்கள். மொரேனோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று இரவு பார்பராவை அழைத்து, "எப்போதும் நல்ல பெண்ணாகவே நடித்தால் ஜனங்களுக்கு அலுத்துவிடும். இன்று கீழ்த்தரமான பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்கிறாயா?" என்று கேட்டார். அன்றைய பத்திரிகையில், வியன்னாவின் ஒரு பகுதியில் தெருப்பெண் ஒருத்தியை எவனோ தாக்கிக் கொன்ற செய்தி வந்திருந்தது. பார்பரா அந்தப் பெண்ணாக மேடை ஏறினாள். திட்டினாள், உதைத்தாள், கத்தினாள். சபையோர் எழுந்து நின்று "நிறுத்துங்கள்" என்று கூவும்படி அமைந்தது அந்தக் காட்சி. திரை விழுந்ததும் அவள் ஆனந்தத்தோடு கணவனைக் கட்டிக்கொண்டாளாம். அது முதல் அடாவடிக்காரிகள், பழி வாங்கும் மனைவிகள், சண்டைக்காரக் கிழவிகள் என்று வேஷங்கள் தொடர்ந்தன. வீட்டில் கோபம் தலையெடுக்கும்போதெல்லாம் மேடையில் செய்தது நினைவுக்கு வந்து இருவரும் சிரித்துவிட்டார்கள். பின்னர் கணவனையும் மேடைக்கு அழைத்து, அவர்கள் வீட்டுச் சண்டையையே நடிக்கச் செய்தார். வந்திருந்தவர்கள் எந்த நாடகத்தையும்விட இதைத்தான் ஆழ்ந்து பார்த்தார்கள். அது அவரவர் வீட்டிலும் நடப்பதல்லவா!

இந்தக் கதையைச் சொன்னவர் மொரேனோவேதான். வைத்தியர் தம் கைராசியைத் தாமே சொல்லும்போது நாலில் ஒரு பங்கைத் தள்ளிக் கேட்பது விவேகம். அதைத் தள்ளினாலும் மீதி பெரிது. அடக்கி வைத்த கோபத்துக்கு ஓர் உடை கொடுத்து, ஒரு பெயர் கொடுத்து, வெளிச்சத்தில் நடக்க விட்டால் அது வீட்டு இருட்டில் பாயாது என்பதுதான் அது.

1925-ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கா சென்றார். 1936-ல் நியூயார்க் மாகாணத்தில் ஹட்ஸன் நதிக்கரையிலுள்ள பீக்கன் என்ற ஊரில் வைத்தியசாலை ஒன்றை நிறுவி, அதற்குள்ளேயே ஒரு நாடக அரங்கத்தையும் கட்டினார். மூன்று படிகளாக உயரும் வட்டமான மேடை; மேலே ஒரு மாடம். 1941-ல் நோயுற்ற தம் சகோதரிக்குச் சிகிச்சை தேடி அவரிடம் வந்த ஸெர்க்கா என்ற பெண்மணி, பின்னர் அவருடைய சக ஊழியராகி, 1949-ல் மனைவியுமானார். 1974-ல் மொரேனோ காலமானார். இந்த வித்தையை உலகத்துக்குப் பரப்பிக்கொண்டு 2016 வரையில் வாழ்ந்தவர் ஸெர்க்கா அம்மையார். 'ஸைக்கோடிராமா' என்பது அதற்கு மொரேனோ வைத்த பெயர். மனோநாடகம் என்று நாம் சொல்லலாம்.

அதன் அங்கங்கள் எளியவை. மனக்குறை உள்ளவர்தாம் கதாநாயகர். நடத்தி வைப்பவர் ஒரு நெறியாளர். கூடியிருப்பவர்களில் சிலர், நாயகரின் தந்தையாகவோ மாமியாராகவோ மேலதிகாரியாகவோ நிற்கிறார்கள். "அப்பா எப்போதும் என்னைக் குறை சொல்லுகிறார்" என்று சொல்ல விடமாட்டார்கள். "எங்கே, எந்த அறையில், எந்த நாளில்? அதை நடத்திக் காட்டு" என்பார்கள். 'எப்போதும்' என்ற சொல் அங்கே செல்லாது. வீட்டுச் சண்டைகளில் பாதி அந்த ஒரு சொல்லிலேயே நடப்பதைக் கவனித்திருப்பவர்களுக்கு இதன் அருமை விளங்கும். நாயகரின் பின்னால் ஒருவர் நின்று, அவர் மென்று விழுங்கும் வார்த்தைகளை நிழலைப்போல் எடுத்துச் சொல்லுவதுண்டு. அது சரியில்லை என்றால் அவர் மறுக்கலாம். சில வேளைகளில் அவரை மேடையிலிருந்து இறக்கி உட்கார வைத்து, வேறொருவர் அவரைப்போலவே நடந்து காட்டுவார். அடுத்த வீட்டுக் குழந்தை நமக்குச் செய்தது அதைத்தான்.

எல்லாவற்றிலும் பலமான கருவி இடமாற்றம். மகன் தந்தையின் இடத்தில் நின்று, தந்தையாகவே மகனுக்குப் பதில் சொல்ல வேண்டும். இது நமக்கு அந்நியமானது என்று சொல்லுவதற்கில்லை. நம்முடைய சங்க அகப்பாடல்களில் கவிஞர் தம் குரலில் பேசுவதே கிடையாது. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பிறர் வாயாகவே பேசுவார். மீசை முளைத்த புலவர்கள் மகளைப் பிரிந்த தாயாக உருகியிருக்கிறார்கள். அவ்வளவு பழைய பயிற்சி உள்ள நாம், சொந்த வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு நிமிஷம் மனைவியின் கூற்றாகப் பேசிப் பார்க்கக் கூசுகிறோம்.

எதிராளி நேரில் இல்லாவிட்டால் ஒரு காலி நாற்காலி போதும். இந்த உபாயத்தை 1960-களில் கலிபோர்னியாவில் மிகவும் பிரசித்தமாக்கியவர் ஜெர்மனியில் பிறந்த பிரிட்ஸ் பெர்ல்ஸ் என்ற மனோவைத்தியர். இறந்தவரோடும், பேச்சுவார்த்தை நின்றுபோனவரோடும், ஒரே மனத்துக்குள் 'போ' என்றும் 'இரு' என்றும் இழுக்கும் இரண்டு எண்ணங்களோடும் இப்படிப் பேசலாம். பின்னாளில் கனடாவில் லெஸ்லி கிரீன்பெர்க் என்னும் பேராசிரியர் இதையே வருஷக்கணக்காக ஆராய்ந்து, எந்தக் கட்டத்தில் மனம் இளகுகிறது என்று படிப்படியாக எழுதியிருக்கிறார்.

இது நிற்க. இவ்வளவையும் புத்தகத்தில் படித்தபோது நமக்கு ஸ்வாரஸ்யமாக இருந்ததே ஒழிய வேறொன்றுமில்லை. சென்ற கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்காக மூன்று நாள் பயிற்சி வகுப்பு ஒன்று நடந்தது. நடத்த வந்தவர் மனநல ஆலோசகரான ஓர் அம்மையார். முதல் நாள் பிற்பகலில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டுவிட்டு, "மாணவன் ஒருவனோடு தீராத கணக்கு உள்ளவர் யாராவது வரலாம்" என்றார். யாரும் எழவில்லை. நாம் ஏன் எழுந்தோம் என்பது இன்றளவும் நமக்குத் தெரியாது.

நான்கு வருஷங்களுக்கு முன் நமது பத்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நாள்தோறும் தாமதமாக வருவான். வந்தால் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பான். ஒரு நாள் நமக்கு எரிச்சல் மிஞ்சிவிட்டது. "தூங்குகிறவனுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? வீட்டிலேயே தூங்கலாமே, செலவாவது மிச்சம்" என்றோம். வகுப்புச் சிரித்தது. அந்தச் சிரிப்பு நமக்கு அப்போது பிடித்திருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. மறுநாள் முதல் அவன் வரவில்லை. விசாரித்ததில், திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். 'குடும்ப நிலைமை' என்று வருகைப் பதிவேட்டில் ஒரு குறிப்பு விழுந்தது. நாமும் அந்தக் குறிப்பை நம்பத் தொடங்கினோம்.

"இதில் அவன் உட்கார்ந்திருக்கிறான். எப்படி உட்கார்ந்திருக்கிறான்?" என்று அம்மையார் கேட்டார்.

"குனிந்துகொண்டு."

"அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்."

நாம் காலி நாற்காலியைப் பார்த்து ஒரு பிரசங்கமே செய்தோம். ஒழுங்கைப் பற்றியும், வகுப்பிலிருந்த மற்ற நாற்பது பேரைப் பற்றியும், தேர்வு முடிவுகளைப் பற்றியும், நமது மனவருத்தத்தைப் பற்றியும் கோவையாகவே பேசினோம். அம்மையார் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "சரி, இப்போது எழுந்து அந்தப் பக்கம் போய் உட்காருங்கள். இனி நீங்கள்தான் அவன்" என்றார்.

இந்தப் பகுதியில் நாம் 'நாம்' என்றே எழுதுவது நேயர்களுக்குப் பழக்கம். வகுப்பில் பேசும்போதும் நமக்கு அந்த ஆசனம் உண்டு. எதிர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அது பறிபோயிற்று. 'நான்' என்று ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

"இன்று எத்தனை மணிக்கு எழுந்தாய்?" என்று அம்மையார் கேட்டார்.

"மூன்றரை மணிக்கு."

"எதற்காக?"

"பேப்பர் போட" என்று வந்துவிட்டது பதில்.

நாம் திடுக்கிட்டோம். அதை நமக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் ஒரு நாள் விடியற்காலம் வெளியூர் போவதற்காகப் பஸ் நிலையத்துக்குச் சென்றபோது, குழல் விளக்கின் கீழே பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளில் அவனைக் கண்டிருந்தோம். பார்த்தோம், பஸ்ஸில் ஏறினோம், மறந்தோம். மறந்தோம் என்பதுகூட உண்மையன்று. அறிந்துகொண்டால் கோபித்துக்கொள்ள முடியாது என்பதனால் அறியாமல் இருந்தோம். அந்த நாற்காலி புதிதாக ஒன்றையும் நமக்குச் சொல்லவில்லை. நம்மிடமே இருந்ததைப் பிடுங்கி நம் கையில் கொடுத்தது.

பிறகு வேறொரு ஆசிரியர் நமது இடத்தில் நின்றார். நாம் சொன்ன வாக்கியத்தை, நாம் சொன்னவாறே, குரலை உயர்த்தாமல் சொன்னார். அம்மையார் ஜாடை காட்ட, மற்றவர்கள் சிரித்தார்கள். கேட்டுக்கொண்டு சிரித்த பொய்ச் சிரிப்புத்தான்; எல்லோரும் பரிச்சயமான நண்பர்கள்தாம். ஆயினும் நமது காது சுட்டது. அவன் எப்போதும் தரையையே பார்ப்பதை அலட்சியம் என்று நாம் தீர்மானித்திருந்தோம். அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, பார்ப்பதற்குத் தரையைத் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை.

நாடகம் முடிந்தவுடன் நமக்குப் புத்தி சொல்ல இரண்டு பேர் ஆயத்தமானார்கள். அம்மையார் தடுத்துவிட்டார். இந்த முறையில் பார்த்திருந்தவர்கள் ஆலோசனை சொல்லக் கூடாதாம். தங்கள் வாழ்விலிருந்து ஒன்றைச் சொல்லலாமாம். அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகும் ஒரு தலைமை ஆசிரியர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். "ஒரு பெண்ணின் பின்னலைப் பற்றி நான் வகுப்பில் ஒன்று சொன்னேன். முப்பது வருஷம் ஆயிற்று. அவள் பெயர் இப்போதுகூட ஞாபகம் இருக்கிறது, வேறு ஒரு மாணவியின் பெயரும் அந்த வகுப்பிலிருந்து ஞாபகம் இல்லை" என்றார். எந்தப் புத்திமதியும் நம்மை அவ்வளவு ஆற்றியிராது.

இதைப் படித்துவிட்டு இன்றே கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட வேண்டாம் என்று நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பெரிய காயம் பட்டவர்களிடம் இது கூரிய கத்தி. அடிபட்ட பெண்ணை, அடித்தவனின் இடத்தில் போய் உட்கார் என்று சொல்லுவது சிகிச்சையாகாது. அது இரண்டாவது அடி. தேர்ந்தவர்கள் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். வேஷத்தைக் கழற்றுவதிலும் கண்டிப்பாக இருப்பார்கள். நம்மை எழச் சொல்லி, நாற்காலியை வேறு பக்கம் திருப்பி, "நான் அவன் அல்ல, என் பெயர் இன்னது" என்று உரக்கச் சொல்ல வைத்த பிறகே அம்மையார் தேநீருக்கு அனுப்பினார். அப்போது அது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது. இரவு தூக்கம் வராமல் புரண்டபோது, அதையும் செய்யாதிருந்தால் என்ன ஆகியிருப்போம் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் ஒத்திகை. அவனை நேரில் கண்டால் என்ன சொல்லுவது என்பதைப் பழக வேண்டும். இம்முறை அம்மையாரே அவனாக உட்கார்ந்தார். நாம், "அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, ஆனால்..." என்று தொடங்கினோம். அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தார். மறுபடி தொடங்கினோம். "தப்பு என்னுடையதுதான். இருந்தாலும்..." மறுபடியும் சுவர். 'ஆனால்', 'இருந்தாலும்', 'என்ன இருந்தாலும்', 'ஒரு ஆசிரியன் என்ற முறையில்' ஆகிய நான்கும் நம் தாய்மொழியில் எவ்வளவு தாராளமாகப் புழங்குகின்றன என்பது அன்றுதான் தெரிந்தது. ஏழாவதோ எட்டாவதோ முறைதான் முற்றுப்புள்ளி வைக்க முடிந்தது.

அவனுடைய தங்கை இப்போது நமது பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவள் தாயார் வழியாகக் கேட்டனுப்பினோம். வரலாம் என்று பதில் வர இரண்டு மாதங்கள் ஆயின. சென்ற மாதம் திருப்பூர் சென்றோம். பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் மெஷினில் வேலை பார்க்கிறான். இடைவேளையில் எதிரேயிருந்த டீக்கடைக்கு வந்தான். நம்மைவிட உயரமாகிவிட்டான். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தான். முன்பு அது கிடையாது.

நாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னோம். குரல் நடுங்கியது; முற்றுப்புள்ளி சரியான இடத்தில் விழுந்தது. 'மூன்றரை மணிக்கு எழுந்து பேப்பர் போட்டுவிட்டு வருகிற பிள்ளை தூங்காமல் என்ன செய்வான்? அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்' என்பதையும் சேர்த்துக்கொண்டோம். அவன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"பேப்பர் போட்டது நிஜம்தான், ஸார். அதனால்தான் லேட்டாக வருவேன். ஆனால் நான் ஒரு நாளும் வகுப்பில் தூங்கினதில்லை" என்றான்.

"பின்னே குனிந்துகொண்டே இருப்பாயே?"

"எனக்குப் போர்டில் எழுதுவது தெரியாது, ஸார். எல்லாம் புகை மாதிரி இருக்கும். பக்கத்தில் இருக்கிறவன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவேன். கண் தெரியவில்லை என்று எனக்கே இங்கே வந்து, கம்பெனியில் கண் டாக்டர் வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

மூன்று நாட்கள் நாம் மாறி மாறி உட்கார்ந்த எதிர் நாற்காலியில் அந்தச் செய்தி இல்லை. இருக்கவும் முடியாது. அதில் உட்கார்ந்திருந்தவன் நாம் அறிந்த பையன். கண்ணாடி போட்டுக்கொண்டு நம்மெதிரே டீ குடித்தவன் வேறொருவன். நாற்காலி நம்மைத் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றி விட்டது. அதற்கு மேல் அதனிடம் கேட்பது நியாயமில்லை. நமது கை, வழக்கப்படி, நெற்றிக்கு ஏறியிருந்த மூக்குக் கண்ணாடியைத் தேடிற்று.

கம்பெனி மணி அடித்தது. அவன் எழுந்தான், நமது டீக்கும் சேர்த்து அவனே காசு கொடுத்தான், தடுத்தும் கேட்கவில்லை. இரண்டடி போய்த் திரும்பி வந்து, "பத்தாவது பரீட்சை தனியாக எழுத முடியுமா, ஸார்?" என்று கேட்டான். முடியும், தனித்தேர்வராக விண்ணப்பிக்கலாம், விண்ணப்பத்தை நாமே வாங்கி அனுப்புகிறோம் என்றோம். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே, "மற்றதெல்லாம் படித்துவிடுவேன். கணக்குத்தான் பயமாக இருக்கிறது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனிக்கு விடுமுறை. நம்மூருக்கு முதல் பஸ் விடியற்காலம் ஐந்தேகாலுக்கு இருக்கிறதாம்.